கம்பளி மேய்ந்த தரை

பங்குனி மாதத்துப் பகல் பதினோரு மணிக்குக் கோவில்பட்டியில் நாய்கூட நிழலை விட்டு நகராது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கம்பளிப் போர்வையின் முனையைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு முன்னால் கிடந்த காலியிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நடையில் ஒரு அவசரமும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நம்ம வீட்டுக்காரர் நல்ல இடமாகப் பார்த்துத்தான் வீடு பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் இருந்த மதில் இடுப்புயரம்தான். நான் எட்டிப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

“என்னட்டி அப்படிப் பாக்க? நெருஞ்சி முள்ளு. கம்பளியிலன்னா நல்லா ஒட்டிக்கிடும்” என்று போர்வையைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க முள். அப்படியே வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட ஆரம்பித்தார்.

“செருப்புப் போட்டு நடந்தா போச்சு. இதுக்கா இந்தப் பாடுபடுதீங்க?” என்றேன்.

“செருப்புப் போட்டு நடக்கதுக்கா புல்லு வளக்கோம்?” என்றார்.

புல்லா? நான் பார்த்த தரையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கரண்டி விழுந்தால் எடுக்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரை, சாரணை, குப்பைமேனி என்று களைகள். நடுநடுவே காய்ந்த மயிர்க்கற்றை போல ஏதோ திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு அந்த வீட்டில் குடியிருந்த மில் இன்ஜினியர் ஒருவர் ஆசைப்பட்டுப் போட்ட புல்தரையாம். அவர் மாற்றலாகிப் போன பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் இந்தக் கதிக்கு வந்திருந்தது. கோவில்பட்டியில் காலியாக இருந்த எத்தனையோ வீடுகளில் அந்த அம்மாள் இந்த வீட்டைப் பிடித்ததே அந்தத் திட்டுகளுக்காகத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரு அவரைக் குன்னூர் அக்கா என்று கூப்பிட்டது. பிறந்தது நம்ம தூத்துக்குடிச் சீமைதான். கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் வாழ்ந்தது மலையில். அவருடைய கணவர் அங்கே தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஒருநாள் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோதே வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் நின்றுபோயிற்று. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும் என்பதால் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. அக்காவுக்குச் சொந்தப் பெயர் இருந்தது, நல்ல பைபிள் பெயர். தெருவே சொல்லாத பெயரை நான் மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். கண்ணுக்கு முன்னால் இருப்பது அவர் கண்ணில் படாது, வரப்போவதுதான் படும். வெடித்த கரிசலைக் காட்டி, “இங்கன மட்டும் கொஞ்சம் அடர்த்தியா வரும், பாரேன்” என்பார். வந்துவிட்டது போலவே அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். நான் கிண்டல் பண்ணுவேன். ஆனாலும் என் கால் தன்னால் அந்த இடத்தை மிதிக்காமல் விலகிப் போகும். அந்தக் கிறுக்கு தொற்று வியாதி மாதிரி.

மலையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசா நிறையப் புல் விதை கொண்டுவந்திருந்தார். அங்கே சித்திரையில் விதைப்பார்களாம், இளவெயிலும் தூறலும் மாறி மாறி வருமாம். மலைக் கணக்கை அப்படியே இங்கேயும் வைத்துக்கொண்டு சித்திரையில் விதைத்தார். வெடிப்பையெல்லாம் சலித்த ஆட்டுப் புழுக்கையும் மணலும் கலந்து நிரப்பி, மேலே தூவி, சாக்கை நனைத்து மூடி வைத்தார். “நம்ம ஊரு சித்திரையில வெதைக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று சொன்னேன். கேட்டால்தானே?

மறுநாள் காலையில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எறும்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு எறும்பும் ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் இருந்த புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக இருந்தது ஒரு பக்கம். அக்கா வரிசையோடு கூடவே குனிந்து நடந்து போய்ப் புற்று வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார்.

“போட்டும். அதுக வாசல்லயாவது முளைக்கட்டும்” என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தார். இந்த ஊர் மண்ணில் இந்த ஊர்ப் புல்தான் நிற்கும். நெருஞ்சியும் கோரையும் மட்டும் போகட்டும், திட்டுத் திட்டாக இருக்கிற அருகையே வளர்த்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடலாம் என்றார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் அருகம்புல் பிள்ளையாருக்கு ஆகும். அதைத் தாண்டி அது புஞ்சையில் தலைகாட்டினால் விவசாயம் பண்ணுகிற சம்சாரிக்குத் தூக்கம் போய்விடும். பருத்தியையும் கம்பையும் மேலே வரவிடாது. எங்கள் அப்பா அருகு வெட்டி வெட்டியே கூன் விழுந்தவர். அதை ஒருத்தி தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள் என்றால் பாம்புக்குப் பால் வார்க்கிற மாதிரிதான்.

தண்ணீருக்கு அந்த ஊரில் என்ன பஞ்சம் என்று சொல்லத் தேவையில்லை. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், கம்பவுண்டரைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் அந்தத் திட்டுகளுக்குத்தான் போயிற்று. ஒவ்வொரு திட்டுக்கும் முறை வைத்து ஊற்றுவார். முறை வராத திட்டைப் பார்த்து, “நாளைக்கு ஒனக்குத்தான்” என்று சமாதானம் சொல்வார். பார்க்கிறவர்கள் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இதெல்லாம் எதற்கு என்று ஒரு சாயங்காலம் எனக்குப் புரிந்தது. மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. வாசலில் பிரம்பு நாற்காலியில் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். உயரம் குறைந்த நாற்காலி, அவருக்காகவே காலை அறுத்துக் குட்டையாக்கியது. அக்கா கீழே உட்கார்ந்து அவருடைய வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சியால் உள்ளங்காலை மெல்லக் கீறினார்.

“தெரியுதா?”

அவர் புல்திட்டுகளுக்கு அப்பால் இருந்த எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா குளிர்ந்த தண்ணீர்ச் செம்பை ஒற்றினார்.

“இது தெரியுதா?”

அதற்கும் ஒன்றுமில்லை. அக்கா என்னைப் பார்த்து, அவரே சொன்னது போல, “தெரியுதுங்காவ” என்றார்.

குன்னூரில் அவர் தினமும் விடிந்ததும் வெறுங்காலோடு வீட்டு முன்னால் இருந்த புல்லில் நடப்பாராம். பனி கால் விரலைக் கடிக்குமாம். உள்ளே வந்து ஈரக் காலை அக்காவின் முதுகில் வைத்து எழுப்புவாராம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் சிறுபிள்ளை முகமாக மாறிவிட்டது. “அந்தக் கால்ட்டீ இது. எதையும் மறக்காது. பனிப் புல்லுல ஒருநாள் வச்சிட்டா போதும், கப்புன்னு முழிச்சிக்கிடும்” என்றார். அக்காவுக்கு ஒரே குறி அதுதான். மார்கழிப் பனி இறங்கும்போது அந்தப் பாதம் வைக்க முள்ளில்லாத பச்சைத் தரை வேண்டும். அவ்வளவுக்காகத்தான் அந்தக் கம்பளி வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தது.

நான் மலையைப் பார்த்ததில்லை. கழுகுமலைதான் எனக்கு மலை. ஆனாலும் அந்தச் சாயங்காலங்களில் அக்கா சொல்லச் சொல்ல எனக்கு என்னவோ ஆகும். “இந்நேரம் அங்கன மேகம் எறங்கியிருக்கும். மொதல்ல மரம் மறையும், பெறவு வேலி மறையும், பெறவு நம்ம கையே நமக்குத் தெரியாது. புல்லு மட்டும் காலுக்குக் கீழ இருக்குன்னு தெரியும்” என்பார். அங்கே வெயில் வேண்டும் என்று ஜெபம் பண்ணுவார்களாம், இல்லாவிட்டால் புல்லில் பாசி ஏறிவிடுமாம். சொல்லிக்கொண்டே கம்பவுண்டரின் முழங்கால் மேல் கம்பளியை இழுத்து விடுவார். கரிசல் வெக்கை தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் வந்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, “காச்சலா?” என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

ஆனால் எல்லா நேரமும் அது இனிமையாக இல்லை. ஒருமுறை அம்மா வீட்டிலிருந்து கடம்பூர் போளி கொண்டுபோய்க் கொடுத்தேன். “அவியளுக்கு ரெண்டு வேணுமாம்” என்று அக்கா பிட்டு ஊட்டப் போனார். கம்பவுண்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். “சூடா இருக்காம்” என்றார் அக்கா. போளி ஆறிப்போய் வெகுநேரமாகியிருந்தது. அவருடைய இடது கை நன்றாகத்தான் இருந்தது. கரண்டியைப் பிடிக்க வைத்தால் பிடிக்கும், சற்று நேரத்தில் விட்டுவிடும். தானாக அது எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. இந்த மனுஷருக்கு உண்மையிலேயே எதுவும் வேண்டாமோ, அக்காதான் அவருக்கும் சேர்த்து ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அங்கே இருக்கப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சர்ச்சில் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி, ஜெபிக்கச் சொல்வார்களாம். பையன் பரீட்சை, மகள் பிரசவம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு வர, அக்கா எழுந்து, “எங்க வீட்டுப் புல்லுக்காக ஜெபிச்சுக்கோங்க” என்றாராம். கூட்டமே சிரித்துவிட்டது. தெருவுக்கும் அது வந்து சேர்ந்தது. நான் போய், “புருசனுக்குன்னு கேக்க வேண்டியதுதானக்கா? புல்லுக்கா கேப்பாவ?” என்று சண்டை பிடித்தேன்.

“அவியளுக்குன்னு கேட்டா எல்லாரும் உச்சுக் கொட்டுதாங்க புள்ள. புல்லுக்குன்னா சிரிச்சிக்கிட்டேல்லா ஜெபிக்காங்க” என்றார்.

ஆடிக் காற்று வந்து திட்டுகளின் மேல் புழுதியை வாரிக் கொட்டியது. அக்கா வாளியோடு நின்று அலசி விட்டார். ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு திட்டிலிருந்து கொடி ஓடி அடுத்த திட்டைப் போய்த் தொட்டது. அங்கிருந்து இன்னொன்று. கார்த்திகையில் பாதித் தரைக்கு மேல் பச்சை மூடிவிட்டது. அக்கா ஆட்டு மயிர் வெட்டுகிற கத்தரியை எங்கிருந்தோ வாங்கி வந்து, தவழ்ந்து தவழ்ந்து நுனியை வெட்டினார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நான் அருகு கேட்டால், “ஒங்க சாமிக்குத்தான, ஓரத்துல கிள்ளிக்கோ. நடுவுல கை வச்சேன்னா பாத்துக்கோ” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பவுண்டருக்குக் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சில நாள் தங்க வேண்டியதாயிற்று. அதே வாரம் எங்கள் மாமனார் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்தார். நாலு தலைமுறைச் சம்சாரி. சும்மா உட்கார்ந்தால் அவருக்கு உடம்பு வலிக்கும். அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் கடம்பூருக்கு, என் அம்மாவைப் பார்க்கப் போனோம்.

சாயங்காலம் திரும்பி வந்தால் மாமா வாசலில் மண்வெட்டியோடு நிற்கிறார். உடம்பெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

“பக்கத்து வீட்டு முன்னால என்னம்மா இப்படி அருகு ஏறிக் கெடக்கு? பாவம், அந்த மனுசன் படுக்கையில கெடக்கப் போயிதான இந்த அலங்கோலம். ஆள் வச்சாலும் இப்படி வெட்ட மாட்டான். வேரோட எடுத்துட்டேன். வந்து பாத்தா அந்தப் புள்ளைக்கு மனசு குளுந்துரும்” என்றார்.

மதிலை எட்டிப் பார்த்தேன். உழுது போட்ட புஞ்சை மாதிரி தரை கறுப்பாகக் கிடந்தது. ஓரத்தில் புல் மலையாகக் குவிந்திருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒருவர் செய்கிற ஆகப் பெரிய உபகாரம் அருகு வெட்டிக் கொடுப்பதுதான். அந்த உபகாரத்தைத்தான் மாமா மனசாரச் செய்து முடித்திருந்தார். அவரை என்னவென்று திட்டுவது?

மறுநாள் காலையில் வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார், பார்த்தார். மாமா மதிலோரம் நின்று, நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். அக்கா மதிலோரம் போனார். பிறகு, “பெரிய வேலை செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி. தனியாவா வெட்டுனீங்க? காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

அவர் போட்டுக் கொடுத்த காப்பியை மாமா திருப்தியாகக் குடித்தார்.

பிறகு நான் போனபோது அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கம்பளி மடியில் கிடந்தது. “டாக்டர் சொல்லிட்டாரு புள்ள. அந்தக் காலுக்கு இனி ஒண்ணும் தெரியாதாம். நரம்பு செத்துப்போச்சாம். வார வழியெல்லாம், டாக்டருக்கு என்ன தெரியும், நம்ம புல்லு இருக்குன்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்” என்றார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, வரப்போவது எதையும் அவர் கண் பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த சுவரைத்தான் பார்த்தது. கம்பவுண்டர் பார்க்கிற அதே மாதிரி. எனக்குப் பயமாகிவிட்டது.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“அருகையா? தண்ணி ஊத்தியா? கரிசல்லயா?”

“ஆமா மாமா. அந்த மனுசரு காலு வைக்கதுக்கு.”

அன்று ராத்திரி மாமா சாப்பிடவும் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், வெட்டிப் போட்ட குவியலை அரிவாளால் கண்டந்துண்டமாக நறுக்கிக்கொண்டிருந்தார். அருகு பரவாமல் இருக்க ஆயுசு முழுக்க எதையெல்லாம் செய்யக் கூடாது என்று பிள்ளைகளை அடித்து வளர்த்தாரோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். துண்டுகளைத் தரை முழுக்க விசிறினார், ஈரத்தோடு மிதித்து அமுக்கினார், மேலே புழுக்கை தூவினார். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தலை நிமிரவில்லை.

“தங்கச்சி, இது சாகாது. இதைக் கொல்ல எங்கப்பனாலயும் முடியல, என்னாலயும் முடியல. ஒண்ணு மட்டும். நான் அருகு வெதச்சேன்னு எங்கூருக்குள்ள யார்ட்டயும் சொல்லிராதீங்க. சிரிப்பா சிரிச்சிருவான்” என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே போய்த் தண்ணீர் வாளியை எடுத்து வந்தார்.

கார்த்திகைக் கடைசி மழையும் கை கொடுத்தது. மார்கழியில் நறுக்கிய துண்டுக்கெல்லாம் முளை. முன்பு திட்டுக்குத் திட்டு இடைவெளி இருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆனால் கோரையும் கூடவே எட்டிப் பார்த்தது. தை பிறந்து நாலைந்து நாள் கழித்து, பனி கனமாக இறங்கியிருந்த ஒரு காலையில், நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கம்பவுண்டரை நாற்காலியோடு தூக்கிப் புல்லின் நடுவில் வைத்தோம். அக்கா அவர் காலுறையைக் கழற்றினார். இரண்டு பாதத்தையும் தன் கையால் எடுத்து, பனியில் மெல்ல வைத்தார். பிள்ளையாரிடமும் அக்காவுடைய ஆண்டவரிடமும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

“தெரியுதா?”

வலது பாதம் அசையவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. “தெரியுதுங்காவ” என்று அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மண்டியிட்டபடியே அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. டாக்டர் சொன்னதுதான் சரி என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நான் பார்த்தேன். கம்பவுண்டர் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். விழப்போகிறார் என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். விழவில்லை. அவருடைய இடது கை தானாகக் கீழே இறங்கியது. புல்லுக்குள் விரலை விட்டுத் தடவி, அருகுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோரையைத் தேடிப் பிடித்தது. பிடுங்கியது. அந்தக் கோரையை அக்காவிடம் நீட்டினார்.

அத்தனை மாதமும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் நினைத்த மனுஷர், எது புல், எது களை என்று தெரிகிற அளவுக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அக்கா கோரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி மட்டும் அறுந்து வந்திருந்தது.

“கெழங்கு எங்க? மேல மட்டும் பிச்சா போதுமா? கெழங்கோட பிடுங்கணும்னு தெரியாது? இத்தனை நாளா நான் பிடுங்குனதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?” என்று திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே அவர் முழங்காலில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். அந்த இடது கை அக்காவின் தலையைத் தாண்டி, அடுத்த கோரையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

கம்பவுண்டர் கடைசிவரை நடக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நாங்கள் மாற்றலாகி அந்த ஊரை விட்டுப் போகிற வரைக்கும் காலையில் அவர் நாற்காலி புல்லில்தான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு களை இருக்காது. அதைப் பார்த்துவிட்டு அக்கா அவருடைய நாற்காலியைத் தினம் ஒரு இடமாக மாற்றிப் போட ஆரம்பித்தார்.